கருவியும் கரும்பலகையும்

ஆசிரியத் தொழிலுக்குப் புகும் இளையோரை நோக்கி முன்னாளிற் பெரியோர் ஒரு வினாவையே கேட்பர். "பிள்ளைக்குப் பாடம் நன்றாகத் தெரியுமோ?" என்பதே அது. இந்நாளில் அதனோடு மற்றொரு வினாவும் சேர்ந்துகொண்டது. "கணினியிலே படிப்பிக்கத் தெரியுமோ?" என்று கேட்கிறார்கள். இவ்வாறு கேட்போர் கல்வி அதிகாரிகள் மட்டுமல்லர். பிள்ளைகளின் தாய்மார் கேட்கின்றனர். பேருந்திற் பக்கத்தில் அமர்ந்திருக்கும் முதியவருங் கேட்கின்றார். முதல் வினாவுக்கு விடை சொல்லப் பரீட்சைச் சான்றிதழ் போதும். இரண்டாம் வினாவுக்கு விடை அவ்வளவு எளிதன்று என்பதை இவ்வோராண்டு காலத்தில் அறிந்துகொண்டேன்.

நான் கல்வியியற் கல்லூரி ஒன்றில் ஈராண்டு பயின்று, மூன்றாம் ஆண்டிலே எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் வரலாறு கற்பித்துப் பயிற்சி பெறும் ஆசிரிய மாணவி. அல்லைப்பிட்டி என் ஊர். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலை ஊடறுத்துச் செல்லும் வீதியிலே, மண்டைதீவுச் சந்தியைத் தாண்டியதும் வேலணைத் தீவில் முதலில் எதிர்ப்படுவது எங்கள் ஊரேயாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போவோர் குறிகட்டுவான் துறைக்கு விரையும் பேருந்தின் சாளரத்தூடே எங்கள் பனங்கூடலைப் பார்த்திருப்பர். இறங்கி நின்று பார்த்தவர்கள் சிலரே.

இத்தகைய ஊரிலே, தொழினுட்பக் கருவிகளைத் துணைக்கொண்டு பாடங் கற்பிப்பதற்கு ஓர் ஆசிரிய மாணவி எவ்வாறு தன்னை ஆயத்தஞ் செய்துகொள்கிறாள் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆசிரியராக விரும்பும் மாணவருக்கும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோருக்கும் இதிற் சிறிது பயன் உண்டாகலாம்.

எல்லாக் கருவியும் ஒருகாற் புதியதே

கணினியைக் கண்டு மலைப்போருக்கும், கணினியே எல்லாஞ் செய்துவிடுமென்று மகிழ்வோருக்கும் ஒன்றை நினைவூட்ட வேண்டும். கற்பித்தற் கருவிகள் நேற்றுத் தோன்றியவை அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்திலே மணலைப் பரப்பி அதில் விரலால் "அ" எழுதக் கற்பித்த அண்ணாவியாருக்கு மணலே கருவி. ஏட்டுச் சுவடியும் எழுத்தாணியும் அதனை அடுத்து வந்தவை. சிலேற்றும் வெண்கட்டியும் வந்தபோது அவையும் புதுமைகளாகவே கருதப்பட்டிருக்கும்.

கொமேனியஸ் என்னும் ஐரோப்பியக் கல்வியறிஞர் 1658ஆம் ஆண்டிலே சிறுவர்களுக்கென்று படங்கள் நிறைந்த பாடநூல் ஒன்றை வெளியிட்டார். பொருளைக் கண்ணாற் காணாமற் சொல்லை மாத்திரம் நெட்டுருச் செய்வது கல்வியாகாது என்பது அவர் கொள்கை. நம்மவருள் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறு ஆண்டிற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் ஒன்றை வாங்கிவந்தார். பள்ளிக்கூடம் அமைத்தவர் அச்சியந்திரத்தை நாடியதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு புத்தகம் இருந்தாலன்றி அவர் எண்ணிய கல்வி நிறைவேறாது. பாலபாடங்கள் அவ்வாறு பிறந்தன. முதலில் தேவை எழுந்தது. கருவி அதன் பின்னே வந்தது. இவ்வொழுங்கைக் கவனித்தல் வேண்டும்.

இவ்வொழுங்கை மறந்தோர் ஏமாற்றமடைந்ததையும் உலகம் கண்டிருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி தோமஸ் எடிசன், திரைப்படம் பரவத் தொடங்கிய காலமாகிய 1913இலே, பாடசாலைகளிற் புத்தகம் விரைவில் வழக்கொழிந்துவிடும் என்றும், பத்தாண்டுக்குள் கல்வி முறை முற்றாக மாறிவிடும் என்றும் கூறினார். நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்றும் எங்கள் வகுப்பிற் பிள்ளைகள் புத்தகத்துக்கு உறை போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். யுனெஸ்கோ நிறுவனம் 2023இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை கல்வித் தொழினுட்பத்தையே பொருளாகக் கொண்டது. கருவிகள் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான நேர்முகத் தொடர்புக்குத் துணையாக வேண்டுமேயன்றி, அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது என்பது அதன் சாரங்களுள் ஒன்று.

கைத்தொலைபேசி காட்டிய பாடம்

கருவியின் நன்மையையும் அதன் கொடுமையையும் என் தலைமுறையினர் மாணவராயிருந்தபோதே கண்டுவிட்டோம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பெருந்தொற்றுக் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப் வழியாக வரலாயின. எங்கள் வீட்டில் இருந்தது ஒரேயொரு கைத்தொலைபேசி; படிக்கும் பிள்ளைகள் மூவர். அம்மா முறை வகுத்துத் தந்தார். காலை தம்பிக்கு, மதியம் தங்கைக்கு, இரவு எனக்கு. அலைவரிசை கிடையாத நாளிற் கிணற்றடிக்கு அப்பால் உள்ள பூவரச மரத்தடிக்குப் போக வேண்டும்.

எங்களுக்கு ஒன்றாவது இருந்தது. ஒன்றும் இல்லாத வீடுகளும் இருந்தன. அயல் வீட்டுச் சிறுமி ஒருத்தி பின்னேரங்களில் வேலியோரம் வந்து நின்று, "அக்கா, இண்டைக்கு என்ன பாடம் வந்தது?" என்று கேட்பாள். நான் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவாள். தொழினுட்பம் பிள்ளைகளை ஒன்றுசேர்க்கவும் வல்லது. வேலிக்கு இப்புறமும் அப்புறமுமாகப் பிரித்து வைக்கவும் வல்லது. நான் ஒரு பாடத்தை ஆயத்தஞ் செய்யும்போதெல்லாம் அந்தச் சிறுமியையே முதலில் நினைத்துக்கொள்கிறேன். வீட்டிற் கருவி இல்லாத பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் இடம் உண்டா என்பதே என் முதல் வினா.

இதில் வேறொரு கவலையும் அடங்கியுள்ளது. நகரத்துப் பாடசாலைகளிலே வசதி மிகுதி என்று கருதி, பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பாலம் கடந்து அனுப்பிவிடுகின்றனர். அவர்களைக் குறைகூற முடியாது. பிள்ளையின் நலம் நாடாத பெற்றோர் யார்? ஆனால் அனுப்ப இயலாத வீட்டுப் பிள்ளைகள் ஊரிலேயே இருக்கிறார்கள். தமக்குக் கிடைப்பது இரண்டாந்தரக் கல்வி என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் வேரூன்றினால், அதனைப் பிடுங்குவது எந்தக் கருவிக்கும் அரிதாகும். அப்பிள்ளைகளின் முன்னே நின்று நான் நடத்தும் பாடம் அவ்வெண்ணத்தை வளர்க்குமா, களையுமா? என் ஆயத்தத்தின் எடையெல்லாம் இந்த வினாவிலேதான் இருந்தது.

எதைக் காட்டுவது, எதைக் காட்டாதிருப்பது

கல்லூரியில் எங்களுக்கு ஒரு கொள்கை கற்பிக்கப்பட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களாகிய மிஸ்ரா, கோலர் என்னும் இருவர் 2006இல் வெளியிட்டது அது. ஆசிரியருக்குப் பாடவறிவு வேண்டும், கற்பிக்கும் முறையறிவு வேண்டும், கருவியறிவும் வேண்டும், இம்மூன்றும் தனித்தனியே நின்றாற் பயனில்லை, ஒன்றோடொன்று கலக்குமிடத்திலேதான் நல்ல பாடம் பிறக்கிறது என்பது அதன் சுருக்கம். எங்கள் விரிவுரையாளர் இதனை வீட்டு மொழியிற் சொன்னார்: "அரிசியும் வேணும், அடுப்பும் வேணும், பதம் பாக்கிற கையும் வேணும். அடுப்பு மாத்திரம் புதிசாயிருந்தாச் சோறு வெந்திடாது."

எனக்குக் கிடைத்த பாடம், பண்டைய காலத்து வெளிநாட்டு வணிகம் பற்றியது. பாடக்குறிப்பு எழுத அமர்ந்தபோது எங்கள் ஊரின் செல்வம் ஒன்று நினைவுக்கு வந்தது. 1977ஆம் ஆண்டில் ஜோன் காஸ்வெல் என்னும் ஆய்வாளரின் குழுவினர் அல்லைப்பிட்டி மண்ணிலே சீனப் பீங்கான் துண்டுகளைக் கண்டெடுத்தனர். அவை சொங் வமிசத்தார் சீனத்தை ஆண்ட காலத்தவை; ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டு பழைமை உடையவை. தென்சீனத்திலுள்ள குவாங்டொங் பகுதிச் சூளைகளிற் சுடப்பட்டவை அவற்றிற் பல. 2018இலே ஷங்ஹாய் நூதனசாலையினர் இலங்கைத் தொல்பொருளாளரோடு கூடி மீண்டும் அல்லைப்பிட்டியில் அகழ்ந்து, மேலும் நூற்றுக்கணக்கான துண்டுகளை எடுத்தனர்.

உலகத்து ஆய்வாளர் நூல்களிலே எங்கள் ஊரின் பெயர் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கோ அது தெரியாது. இங்கேதான் கருவி வேண்டும் என்று தீர்மானித்தேன். கையகல ஓட்டின் மெருகையும் அதன் மேலுள்ள கீற்றையும் சுவரளவு பெரிதாக்கிக் காட்டக் கரும்பலகையால் இயலாது. "மல்ரிமீடியா" என்று எல்லோரும் அழைக்கும் படவீழ்த்தியால் இயலும். குவாங்டொங் துறைமுகத்திலிருந்து மலாக்கா நீரிணை வழியாக எங்கள் கடல் வரை மரக்கலம் வந்த பாதையையும் கணினித் தேசப்படத்தில் விரலாற் பின்தொடரலாம்.

ஆனால் எல்லாவற்றையும் படமாகக் காட்டுவது முறையா? இணையத்திலே பருவக்காற்றுப் பற்றிய அழகிய அசைபடங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றை எடுத்து வைத்தேன், பிறகு நீக்கிவிட்டேன். காரணம், என் வகுப்பிலுள்ள பிள்ளைகளிற் பாதிப்பேர் கடற்றொழில் செய்யும் வீட்டவர். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நான்கு காற்றையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள். எந்தக் காற்றில் வள்ளம் இறக்கலாம், எந்தக் காற்றில் ஆகாது என்பதைத் தகப்பனாரின் முகத்தைப் பார்த்தே சொல்வார்கள். அவர்களுக்கு வாய்த்த அறிவை அவர்களிடமிருந்தே கேட்டுப் பெற வேண்டுமல்லவா? சாளரத்துக்கு வெளியே இருப்பதைத் திரையிற் காட்டுவது வீண். கண்ணுக்கு எட்டாததைக் கொணர்வதே கருவியின் தொழில். இந்த விதியை என் பாடக்குறிப்பின் தலைப்பில் எழுதி வைத்துக்கொண்டேன்.

சொல்லும் எழுத்தும்

இணையத்திலிருந்து பாடப் பொருள் தேடும் இலங்கைத் தமிழ் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டிய சங்கடம் ஒன்றுண்டு. தமிழிலே கிடைக்கும் கல்விப் படங்களிற் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் ஆக்கப்பட்டவை. அவை நல்லவையே; ஆயினும் கலைச்சொற்கள் வேறு. நாம் ஒளித்தொகுப்பு என்பதை அவர்கள் ஒளிச்சேர்க்கை என்பர். நமது இரசாயனவியல் அங்கே வேதியியல், பௌதிகவியல் இயற்பியல், ஒட்சிசன் ஆக்சிஜன். என்னோடு பயின்ற விஞ்ஞான ஆசிரிய மாணவி ஒருத்தி, படத்தைக் காட்டுமுன் இருநாட்டுச் சொற்களையும் இரு நிரலாகக் கரும்பலகையில் எழுதிவிடுவாள். பரீட்சைத்தாளிற் புத்தகச் சொல்லையே எழுத வேண்டும். மற்றச் சொல்லையும் அறிந்து வைத்தாற் கடல் கடந்த தமிழருடைய நூல்களும் திறந்துவிடும் என்று சொல்லிக்கொடுப்பாள். சங்கடத்தையே செல்வமாக்கிய அவளுடைய திறத்தை நான் மெச்சுகிறேன்.

இப்பொழுது செயற்கை நுண்ணறிவு என்னும் புதுத் துணைவனும் வந்திருக்கிறான். கேட்டவுடன் தமிழிலே பாடக்குறிப்பு எழுதித் தருகிறான். நானும் கேட்டுப் பார்த்தேன். நடை தெளிவாகவே இருந்தது. அதிலே பட்டுப்பாதை இருந்தது, ரோமாபுரி இருந்தது, அல்லைப்பிட்டி இல்லை. அதனை அவனுடைய குற்றமென்று கொள்ள வேண்டியதில்லை. ஊரை அறிந்து பாடத்தில் ஏற்றுவது ஊரிலுள்ள ஆசிரியருடைய கடமை.

எழுத்துருவும் ஆசிரியரைச் சோதிக்கும். நம்மிடையே பலர் இன்றும் பாமினி எழுத்துருவிலே தட்டெழுதுகின்றனர். அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் அதைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தலைகால் தெரியாமல் நிற்கும். ஆகவே எல்லாவற்றையும் ஒருங்குறியில் எழுதி, பீ.டி.எப். ஆக மாற்றிக்கொண்டு போவது நன்று. இணையத்தை நம்பாமற் படங்களை முன்னரே இறக்கி வைக்க வேண்டும். முதல் நாட் பின்னேரமே வகுப்பறைக்குச் சென்று, கடைசி வாங்கில் அமர்ந்து, எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து வெயிலிலே சாளரத்தைத் திறந்தாற் படம் மங்கும். மூடினாற் பிள்ளைகள் வியர்வையில் நனைவர். முதற் பாடவேளையை அதிபரிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டது இதனாலேயே.

மின்சாரம் இல்லாத பாடம்

இத்தனையும் ஆயத்தமான பின், ஊரிலே ஓய்வுபெற்று இருக்கும் வாத்தியார் ஒருவரிடம் பாடக்குறிப்பைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு ஒன்றே கேட்டார்.

"எல்லாம் வடிவாயிருக்கு, பிள்ளை. கரண்ட் நிண்டா என்ன செய்வாய்?"

இவ்வினா கற்பனையன்று. 2022ஆம் ஆண்டு நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நடந்ததை யாரும் மறந்திரார். கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதும் அவ்வாண்டிலேயே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய தீவுகளுக்கோ தீவுக்குள்ளேயே மின்சாரம் பிறப்பிக்க வேண்டிய நிலை. சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் ஒன்றை அம்மூன்று தீவுகளிலும் இந்திய உதவியோடு அமைப்பதற்கு 2024இல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மின்சாரம் என்பது பொத்தானை அழுத்தினால் வருவது என்று எண்ணி வளர்ந்தவர்கள் அல்லர் தீவகத்தார்.

அன்றிரவு அம்மாவோடு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 1990இலே போர் காரணமாக எங்கள் குடும்பத்தார் தீவைவிட்டு வெளியேறியபோது அம்மா சிறுமி. அதன் பின் யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெயும் கிடைப்பது அரிது. ஜாம் போத்தலுக்குள்ளே பஞ்சை வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்தினால், மிகக் குறைந்த எண்ணெயில் நெடுநேரம் எரியும். அவ்வொளியிலே ஒரு தலைமுறை படித்தது. செய்தி கேட்க வேண்டுமென்றாற் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலி பேசும். "மாமா சுத்துவார், நாங்கள் கேப்பம். அவருக்குக் கை உளைஞ்சாச் செய்தியும் நிண்டிடும்" என்று சொல்லி அம்மா சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை, எண்ணிப் பார்த்தேன். ஜாம் போத்தலும் தொழினுட்பந்தான். டைனமோவும் தொழினுட்பந்தான். தேவையை அறிந்து, கையில் உள்ளதைக் கொண்டு அதனை நிறைவு செய்யும் அறிவுக்கே அப்பெயர் பொருந்தும். விலையுயர்ந்த பெட்டியை வாங்கி வைப்பதற்கு மாத்திரம் அப்பெயர் இட்டது நம் காலத்தின் மயக்கம். போர்க்காலத்திலே ஒளியின்றிப் படித்தோரின் பிள்ளைகளுக்கு, "மின்சாரம் இல்லை, ஆகையால் இன்று பாடம் இல்லை" என்று சொல்ல ஓர் ஆசிரியருக்கு நா எழுமோ?

ஆகவே ஒரே பாடத்தை இருமுறை ஆயத்தஞ் செய்தேன். ஒன்று மின்சாரம் உள்ள பாடம். மற்றது இல்லாத பாடம். பீங்கான் துண்டுகளின் புகைப்படங்களைப் பெரிய அளவில் அச்சிட்டு, நான்கு பிள்ளைகளுக்கு ஒன்று வீதம் வைத்துக்கொண்டேன். பிரிஸ்டல் போட்டிலே கடற்பாதையை வரைந்தேன். கப்பலைக் கடதாசியில் மடித்தேன். இரண்டாவது பாடத்தை எழுதி முடித்தபோது ஒரு வியப்பு உண்டாயிற்று. முதற் பாடத்திலே தேவையற்றவை எவை என்பது தெளிவாகத் தெரிந்தது. மின்சாரம் இல்லாமலும் நிற்கக்கூடிய பாடத்துக்கே மின்சாரம் அழகு சேர்க்கும்.

பாடம் நடந்த நாள்

பாடம் நடந்த அன்று மின்சாரம் இருந்தது. கல்லூரியிலிருந்து மதிப்பிட வந்திருந்த விரிவுரையாளர் கடைசி வாங்கில் அமர்ந்தார். சுவரிற் கட்டிய வெள்ளைச் சேலைத்துணியிலே முதற் படத்தை வீழ்த்தினேன். பச்சை கலந்த மெருகோடு ஓர் உடைந்த கிண்ணம். "இது எங்கே கிடைத்தது தெரியுமா?" என்று கேட்டேன். சீனா, கொழும்பு, இந்தியா என்று விடைகள் வந்தன. "அல்லைப்பிட்டி" என்றேன். வகுப்பு ஒரு கணம் பேசாதிருந்தது. பிறகு, "எங்கட அல்லைப்பிட்டியோ, ரீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "எங்கட" என்ற அந்தச் சொல்லில் அவள் வைத்த அழுத்தம் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

தேசப்படத்தைக் காட்டிவிட்டுப் படவீழ்த்தியை அணைத்தேன். "சீனத்திலிருந்து பாய்க்கப்பல் வரவேண்டும். எந்தக் காற்றில் வரும்?" என்று வினவினேன். வகுப்பில் எப்போதும் தலை குனிந்திருக்கும் ஒரு சிறுவன் எழுந்தான். "வாடையிலதான் வரும், ரீச்சர். சோளகத்தில வரேலாது, எதிர்க்காத்து. திரும்பிப் போகத்தான் சோளகம்" என்றான். வரலாற்று நூலாசிரியர் பல பக்கங்களில் விளக்குவதை அவன் மூன்று வாக்கியத்திற் சொல்லிவிட்டான். மற்றப் பிள்ளைகள் திரும்பி அவனைப் பார்த்தனர். விரிவுரையாளர் தம் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

அடுத்து நயினாதீவுக் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழிலே பொறிப்பித்த சாசனம் அது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ளது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகர் காக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால், காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன. ஏனைய வணிகப் பொருள் ஏற்றிய கப்பல் உடைந்தாற் சரிபாதி. ஏன் இந்த வேறுபாடு என்று பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து ஆராயச் சொன்னேன். அரசனுக்குப் படைக்கு யானையும் குதிரையும் வேண்டும், ஆகவே அவற்றைக் கொண்டுவருவோருக்குச் சலுகை காட்டினான் என்று ஒரு குழு முடிவு கூறியது. அந்த ஆராய்ச்சிக்குக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. கல்வெட்டின் செய்தியும் நான்கு தலைகளும் போதியனவாயின.

மறுநாட் காலையிலே அந்த வாடைக்காற்றுச் சிறுவன் கைக்குட்டையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தான். வளவிலே கிடந்ததாம், வெண்மையான ஓட்டுத் துண்டு. "ரீச்சர், இது சீனாவோ?" என்று கேட்டான். தொள்ளாயிரம் ஆண்டுப் பழைமையோ, சென்ற ஆண்டு உடைந்த தேநீர்க் கோப்பையோ, நான் அறியேன். எனக்குத் தெரியாது என்றே அவனிடம் சொன்னேன். ஆனால் எவ்வாறு பார்ப்பது என்பதைச் சேர்ந்து பார்த்தோம். உடைந்த விளிம்பு எவ்வாறு உள்ளது, மெருகு எதுவரை பூசப்பட்டிருக்கிறது, அடியிலே அச்சுக் குறி உண்டா என்று நோக்கினோம். கண்ட இடத்தைக் கொப்பியில் வரையச் சொன்னேன். "இனி நிலத்தைத் தோண்டக்கூடாது. பொருள் கிடந்த இடமும் அதன் ஆழமும் கலைந்துவிட்டால், வரலாற்றிற் பாதி அழிந்துவிடும். அகழ்வது தொல்பொருளாளரின் வேலை" என்றும் அறிவுறுத்தினேன். அவன் தலையாட்டிவிட்டு, என் கைத்தொலைபேசியில் அத்துண்டைப் படமெடுக்கும்படி கேட்டான். அளவு தெரிவதற்காக அதனருகே தன் அடிமட்டத்தை வைத்தான். அடிமட்டம் வைக்கும்படி நான் சொல்லவில்லை. முதல் நாட் காட்டிய படத்திலே துண்டின் பக்கத்தில் அளவுகோல் ஒன்று இருந்ததை அவன் கவனித்திருக்கிறான்.

கருவி காட்டிய படம் அவனுடைய கண்ணைத் தன் வளவின் பக்கம் திருப்பியது. திரையைப் பார்த்த பிள்ளை திரையையே நாடாமல் நிலத்தை நாடினான். நான் ஆயத்தஞ் செய்த பாடத்துக்கு இதைவிடப் பெரிய புள்ளி எனக்கு வேண்டியதில்லை.

என்னைப் போன்று ஆசிரியப் பணிக்கு ஆயத்தமாகும் தம்பி தங்கையருக்குச் சொல்லத்தக்கது சிலவே. பாடத்தை முதலில் ஆராயுங்கள். கருவியைப் பின்பு தேடுங்கள். பிள்ளைகள் அறிந்ததை அவர்கள் வாயாற் சொல்லக் கேளுங்கள். அறியாததை மாத்திரம் கருவியாற் காட்டுங்கள். மின்சாரம் இல்லாத பாடம் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். வீட்டிற் கருவி இல்லாத பிள்ளையை நினைத்தே வீட்டு வேலை கொடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எவ்வாறு அறியலாம் என்பதைக் காட்டுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பாடசாலைக்குக் கணினி வந்துவிட்டதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அதனோடு நில்லாமல், பிள்ளை வீடு திரும்பியதும், "இன்று என்ன பார்த்தாய்?" என்று கேட்பதற்கு அடுத்தபடியாக, "அதைப் பற்றி நீ என்ன கேட்டாய்?" என்றுங் கேளுங்கள். பிள்ளையிடம் ஒரு கேள்வி பிறந்திருந்தால், அந்த வகுப்பிற் கல்வி நடந்திருக்கிறது என்று நம்பலாம். அக்கேள்வியைப் பிறப்பித்தது மணலா, ஏடா, கரும்பலகையா, கணினியா என்பது அதற்கு அடுத்த கதையேயாம்.